மகராசன் சேக்காளிகள்

ஏம்மா, இந்த ஃபோன்ல குரூப்பு வச்சிருப்பாவல்லா, அதுல இருந்து ஒருத்தரை எடுத்துட்டா, எடுத்தது அந்த ஆளுக்குத் தெரியுமா? சத்தம் எதுவும் வருமா? இல்ல, சும்மா இருக்கும்போதே இல்லாம ஆயிருமா?

கோவிச்சுக்கிடாத. உக்காந்ததும் உக்காராததுமா இந்தப் பொம்பள என்னமோ கேக்காளேன்னு நினைப்ப. மடியில கம்ப்யூட்டர் பை வச்சிருக்கியா, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேட்டேன். கண்ணு சிவந்திருக்கா? அழுதேன். அழுததை அழலைன்னு சொல்லி என்னத்துக்கு. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு எடுக்கும்போது கீழ ஒரு பிள்ளை ஜன்னலைத் தட்டிக்கிட்டே ஓடி வந்தாள்லா, கண்ணாடி போட்ட பிள்ளை, நீயும் எட்டிப் பாத்தியே. அவளாலதான். அவ பேரு ஷெரின். எம்பிள்ளையோட சேக்காளி, ஃப்ரெண்டும்பிய. அவளைத்தான் நாலு பேரு பாக்க வஞ்சிட்டு ஏறுனேன்.

நீ எதுவரைக்கும்? மதுரையா, சரி. நான் கோவில்பட்டி இறங்கி கழுகுமலை போகணும். அங்கன ஸ்கூல்ல சத்துணவு சமைக்கேன். நூத்திப்பத்துப் பிள்ளைங்க. இந்தச் செண்பகவல்லி சத்தம் போட்டா காம்பவுண்டுக்கு வெளியில கேக்கும்னு சொல்லுவாவ. ஆனா நான் காரணமில்லாம வையமாட்டேன். நீ கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு, தப்பு யாரு மேலன்னு.

எனக்கு ஒரே பையன். மகராசன். எங்க மாமனார் பேரு. பிள்ளைக்கு அந்தப் பேரு பிடிக்காது, பழைய பேரும்பான். சேக்காளிங்க மட்டும் அவனைக் கிங்குன்னு கூப்பிடும். அதுல சந்தோசம் அவனுக்கு.

சேக்காளிங்கன்னா ஊருப் பயலுக இல்ல. ஃபோன்ல கிடைச்சதுங்க. மூணு பேரு. ஷெரின் பெரம்பூரு, பல்லு டாக்டருக்குப் படிக்கா. மோனிஷ் வியாசர்பாடி, வீடு வீடா சாப்பாடு கொண்டு குடுக்கான். பாசித் ஆம்பூர்க்காரப் பையன், சென்னையில செருப்புக் கம்பெனில வேலை. துப்பாக்கிய வச்சிக்கிட்டு ஓடுவாங்கள்லா, அந்த விளையாட்டு. நாலு நாலு பேரா சேந்து ஆடணுமாம். இதுங்க மூணு, இவன் ஒண்ணு. மூணு வருசமா ராத்திரி ஏழு மணியானா பேச்சும் சிரிப்பும்தான். ஒரு நாளும் நேர்ல பாத்துக்கிட்டது இல்ல.

நேர்ல எப்படிப் பாக்க? அவனுக்கு மேலுக்குச் சொகமில்ல. ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. பாலிடெக்னிக்கை ரெண்டாவது வருசத்தோட விட்டுட்டான். வாரத்துக்கு மூணு நாளு திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போவேன், நாலு மணி நேரம் மிசின்ல படுத்திருப்பான். ஊசி போட்ட கையை அசைக்கக்கூடாது. அவன் விரலை மட்டும் அசைச்சு இந்தக் கழுதையை விளையாடுவான். நர்ஸம்மா வைவா, நானும் வைவேன்.

"உனக்கு இப்படின்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட சொன்னியாலே?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "சொன்னா என்னைய சீக்காளியாத்தான்மா பாப்பாங்க. அங்க நான் ஓடுதேம்மா"ன்னான்.

போன வருசம் புரட்டாசியில போயிட்டான். இருபத்திரெண்டு வயசு.

இல்லம்மா, நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். சொல்லுதவங்க எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. அவங்க அப்பா கேரளாவுல ஒரு பேக்கரில நிக்காவ. வந்தாவ, பதினாறு முடிஞ்சதும் போயிட்டாவ. வீட்டுல நானும் அவனோட இந்த ஃபோனும்தான். இது சும்மா இருக்கமாட்டேங்கு. டிங்கு டிங்குன்னு அடிச்சிக்கிட்டே கிடக்கு. எடுத்துப் பாத்தா, "டேய் கிங்கு எங்கடா?" "கோவமாடா?" "வாடா எரும." இதுங்க தமிழை இங்கிலீசு எழுத்துல எழுதுங்க, நான் எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிக்குமுன்ன அடுத்தது வந்துரும்.

சொல்லிரணும்னுதான் ஃபோனை எடுத்தேன். சத்தியமா. மகராசன் இறந்துட்டான்னு அடிக்கணும், அம்புட்டுதான். முதல் எழுத்தை அடிச்சேன். அடுத்த எழுத்துக்கு விரல் போகல. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் ஒட்டியாச்சு. ரேசன் கார்டுல பேரை எடுத்தாச்சு. இந்த மூணு பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது. அதுங்களைப் பொறுத்த மட்டுக்கும் எம்பிள்ளை எங்கயோ முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். அதையும் நான் என் கையால முடிக்கணுமா? அடிச்சதை அழிச்சிட்டு, "மேலுக்குச் சொகமில்லடா, நாளைக்கு வாரேன்"னு போட்டேன்.

நாளைக்கு வாரேன்னு சொல்லியாச்சு. அப்போ நாளைக்குப் போகணும்லா?

எனக்கு விளையாடத் தெரியாது. ஆனா பக்கத்துல உக்காந்து எத்தனை நாள் பாத்திருக்கேன், எங்கன அமுக்கினா உள்ள போகும்னு தெரியும். உள்ள போனா ஏரோப்பிளான் வரும். அதுல இருந்து குடையைப் பிடிச்சிக்கிட்டு நாலு பேரும் குதிப்பாவ. இவன் கீழ வந்து நிப்பான். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. நின்ன இடத்துலயே நிப்பான். முதல் ரெண்டு நாள் "ஓடுறா, ஓடுறா, சுடுறாங்கடா"ன்னு மூணும் கத்துச்சுங்க. மைக்கு ரிப்பேருன்னு முதல்லயே எழுதிட்டேன், அதனால நான் பேசவேண்டாம். கையில வலின்னும் எழுதிட்டேன். மூணாவது நாள் கத்தல. நாலாவது நாள் மூணு பேரும் இவன் நின்ன இடத்துக்கு ஓடி வந்தாங்க. வந்து இவனைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. எவன் வந்தாலும் அந்த மூணு பேரைத் தாண்டித்தான் எம்பிள்ளைக்கிட்ட வரணும். அன்னையில இருந்து தினமும் அப்படித்தான். அதுங்க செத்தாலும் இவனைக் காப்பாத்திட்டுத்தான் சாகும். கை வலின்னு சொன்னதை அப்படியே நம்பிட்டுதுங்க, பாவம். உலகம் தெரியாத பிள்ளைங்க.

துளி சந்தேகம் வரவிடல நான். அவன் எப்படி எழுதுவான்னு பழசு எல்லாத்தையும் வாசிச்சுப் பாத்துக்கிடுவேன். மச்சான்னு எழுத முதல்ல கூச்சமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிட்டு. "மச்சான், ராத்திரில தலைக்குக் குளிக்காத, சளி பிடிக்கும்"னு எழுதுவேன். "டேய் பாசித்து, நோன்பு நேரத்துல வெயில்ல அலையாதடா"ன்னு எழுதுவேன். "ஷெரினு, மழை வருது, மாடியில துணி கிடந்தா எடுத்துருடி"ன்னு எழுதுவேன். எந்நாளும் பத்து மணிக்கு மேல எல்லாத்தையும் படுக்கச் சொல்லிருவேன். ஏன் சிரிக்க? பையங்க அப்படி எழுதமாட்டாங்களா? எம்பிள்ளை எழுதுவான். அதுங்களும் "சரிடா கிங்கு", "எடுத்துட்டேண்டா கிங்கு"ன்னுதான் பதில் போடும்.

இன்னொண்ணு சொல்லுதேன். அவன் இருக்கும்போது பூராவும் விளையாட்டுப் பேச்சுதான். இப்போ அதுங்க மனசுல உள்ளதை எல்லாம் இவன்கிட்ட சொல்லுதுங்க. மோனிஷுக்கும் அவங்க அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. "நீ ஒரு நாள் அவருக்குப் பிடிச்சதை வாங்கிட்டுப் போயி முன்னாடி வையிடா, ஒண்ணும் பேசாத"ன்னு எழுதினேன். போனான். பேசிட்டாவ. ஷெரின் ஒரு பையனைப் பத்திச் சொன்னா, அதை உன்கிட்ட சொல்லமாட்டேன், அது கிங்குகிட்ட சொன்னது. அப்போ எம்புட்டு நம்பிக்கை இருந்தா சொல்லும்? பதினாலு மாசம்மா. ஊருல யாரும் அவன் பேரை எடுக்கிறதில்ல, எடுத்தா நான் அழுவேன்னு. அந்த ஏழு மணிக்கு மட்டும்தான் எம்பிள்ளையை மூணு பேரு கூப்பிடுவாங்க, எம்பிள்ளை பதில் சொல்லுவான். அதுக்குத்தான் நான் காலையில எந்திரிக்கேன், அரிசி களையுதேன், அம்புட்டு பிள்ளைங்களுக்கும் சோறு போடுதேன். எல்லாம் ஏழு மணி ஆகணும்னுதான்.

போன மாசம் ஷெரின் போட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சென்னையில பாக்கலாம், ஒரு நாள் முழுக்கச் சுத்தலாம்னு. மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. நான் ரெண்டு நாள் பதிலே போடல. ஆனா அவன் எத்தனை தடவை கேட்டிருக்கான். "ஒரே ஒரு நாள்மா, மெட்ராஸ் போய்ட்டு வந்திருதேன், டயாலிசிஸ் இல்லாத நாளா பாத்துப் போறேன்"ன்னு. நான்தான் விடல. வழியில என்னமும் ஆயிரும்னு பயந்து விடல. அவன் பேருல "வாரேண்டா"ன்னு போட்டுட்டேன். போட்டப்புறம்தான், ஐயய்யோ, என்னத்தக் கொண்டு நிறுத்தப் போறோம்னு புத்தி வந்துச்சு.

யோசிச்சு யோசிச்சு ஒரு வழி பண்ணேன். நானே போறது. "மகராசனுக்குக் காய்ச்சல், நீங்க ஏமாந்துரக்கூடாதுன்னு என்னைய அனுப்பிட்டான்"னு சொல்லுறது. வீடியோல கூப்பிடுங்கன்னு கேட்டா, ஊருல டவர் இல்லன்னு சொல்லுறது. படத்தைக் காட்டச் சொன்னா பழைய படத்தைக் காட்டுறது. காய்ச்சலுக்கு எந்த டாக்டருகிட்ட காட்டினோம்ங்கிறது முதக்கொண்டு வச்சிருந்தேன். மெஸ்ஸு சாப்பாடு வாயில வைக்க விளங்கலன்னு பாசித் ஒரு நாள் எழுதியிருந்தான், மூணு பேருக்கும் மோர் மிளகா போட்டு எடுத்துக்கிட்டேன். எட்டு வெயில் காயவச்சது.

இன்னைக்குக் காலையில கிளாம்பாக்கத்துல இறங்குதேன். மூணும் நிக்குதுங்க. ஷெரின் குட்டையா கண்ணாடி போட்டு, பாசித் தாடி வச்சு ஒல்லியா, மோனிஷ் நல்லா குண்டா, வேர்த்து ஊத்துது அவனுக்கு. முகம் தெரியாது எனக்கு, ஆனா மோனிஷ் இருமுனான், இருமல்லயே தெரிஞ்சிக்கிட்டேன். நேரே கிட்டப் போயி, "நான் மகராசன் அம்மா. அவனுக்கு…"ன்னு ஆரம்பிச்சேன். டாக்டரு பேரு வரைக்கும் சொல்லணும்லா. அந்த ஷெரின் என்னை முடிக்கவிடல. கையைப் பிடிச்சிக்கிட்டா. "வாங்கம்மா. நீங்க வந்ததே போதும்மா"ன்னா. மோனிஷ் என் பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டான். பாசித், "டிபன் சாப்பிட்டுப் போலாம்மா"ன்னான். அம்புட்டுதான். ஒருத்தரும் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேக்கல. வீடியோலயும் கூப்பிடச் சொல்லல. என் நல்ல நேரம்னு நினைச்சிக்கிட்டேன்.

என்னத்தச் சொல்ல, ராணி மாதிரி கூட்டிட்டுப் போனாங்க. மெட்ரோல ஏத்துனாங்க. நகர்ற படிக்கட்டுல எனக்குப் பயம், ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிக்கிட்டாங்க. மோனிஷ் பின்னாடி நின்னுக்கிட்டான், "விழுந்தா என் மேல விழுங்கம்மா, மெத்த மாதிரி இருக்கும்"ங்கான். சிரிச்சேன். பதினாலு மாசத்துல நான் வாய்விட்டுச் சிரிச்சது அந்தப் படிக்கட்டுலதான்.

ஒரு பெரிய மாலுக்குப் போனோம். அதுக்குள்ள விளையாட்டுக் கடை. நாலு சீட்டு, நாலு துப்பாக்கி, முன்னாடி சுவரு உசரத்துக்குத் திரை. கிங்கு வந்தா இங்கதான் ஆடணும்னு பேசி வச்சிருந்தாங்களாம். மூணு பேரும் உக்காந்தாச்சு. நாலாவது சீட்டு சும்மா கிடக்கு. எனக்கு அதைப் பாக்க முடியல, தண்ணி குடிக்கப் போற மாதிரி திரும்புனேன். ஷெரின் கையைப் பிடிச்சு அந்தச் சீட்டுல உக்காரவச்சா. நான் துப்பாக்கியத் தலைகீழா பிடிச்சிருக்கேன். எதிர்ல இருந்து எவன் எவனோ ஓடி வாரான். நான் பதறுதேன். அந்த மோனிஷ் திரையை விட்டுக் கண்ணை எடுக்காம சொல்லுதான், "அம்மா, நீங்க சுடவேணாம். எப்பவும் போல சும்மா நில்லுங்க. நாங்க பாத்துக்கறோம்"னு. எப்பவும் போலன்னு என்னத்துக்குச் சொன்னான்னு தெரியல. வாய்ப்பழக்கம். கிங்குகிட்ட சொல்லிச் சொல்லி அப்படியே வந்துட்டு போல.

மத்தியானம் பிரியாணி. நான் உக்காரமாட்டேன்னுட்டேன். பிள்ளைங்க சாப்பிடும்போது உக்காந்து எனக்குப் பழக்கம் இல்ல, கரண்டி என் கையில இருக்கணும். ஓட்டல்காரன் முறைக்கான். ஷெரின் அவன்கிட்ட கரண்டியை வாங்கி என் கையில குடுத்துட்டா. நானே மூணு பேருக்கும் வச்சேன். சாப்பிட்டுக்கிட்டே கதை சொன்னாங்க. ஒரு தடவை மோனிஷ் அடிபட்டு வயக்காட்டு நடுவுல கிடக்கானாம். விட்டுட்டுப் போனாத்தான் ஜெயிக்கலாம், இன்னும் கொஞ்சம் ஓடினா போதும். எம்பிள்ளை திரும்பி ஓடி வந்தானாம். அம்புட்டு குண்டுக்கும் நடுவுல. வந்து இவனைத் தூக்கி விட்டுட்டு, அவன் விழுந்துட்டானாம். "அவன் ஓடுனா யாராலயும் பிடிக்க முடியாதும்மா"ன்னான் பாசித். எனக்குக் கரண்டி அப்படியே நின்னுட்டு. பத்தொன்பது வயசுல இருந்து கைத்தாங்கலாத்தான் நான் அவனைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். கக்கூசுக்குக் கூட. எம்பிள்ளை ஓடுனதை இந்த மூணு பேருதான் பாத்திருக்காங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. "இன்னொரு தடவை சொல்லுலே"ன்னேன். சொன்னான்.

சாயங்காலம் கடற்கரை. நான் கால் நனைச்சிக்கிட்டு நிக்கேன். பாசித் கொஞ்சம் தள்ளிப் போயி, ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். "யாருக்குப்பா வேண்டுதே?"ன்னேன். "கிங்குக்கும்மா"ன்னான். பாரேன், ஒரு காய்ச்சலுக்கு யாரும்மா இப்படி வேண்டுவா? அவன் கண்ணெல்லாம் தண்ணி. அங்கன வச்சு எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துட்டு. சொல்லிருவமா, இப்படி ஏமாத்துதோமே இந்தப் பிள்ளைங்களைன்னு. சொல்லல. சொன்னா அந்த நிமிசத்துல இருந்து அவன் இல்ல. முழுங்கிட்டேன்.

அம்புட்டு நல்லா இருந்த பிள்ளைங்கதாம்மா. கடைசில பஸ் ஸ்டாண்டுல வச்சு அந்த ஷெரின் என்ன சொன்னான்னு கேளு.

ரெண்டு பயலுகளும் தண்ணி பாட்டில் வாங்கப் போயிட்டாங்க. இவ என் தோள்ல சாஞ்சிக்கிட்டு, மெதுவா, "அம்மா, கிங்குகிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. சொல்லு தாயின்னேன். "இனிமே அவன் தினமும் வரவேணாம்மா. ரொம்ப நாளா நின்னுட்டே இருக்கான். அவன் ரெஸ்ட் எடுக்கட்டும்"னா. எனக்குப் பொறி கலங்குன மாதிரி ஆயிட்டு. அதோட விட்டாளா? "நீங்க வாங்கம்மா. உங்க பேர்ல வாங்க. எங்களுக்கு நீங்க வேணும்"னா.

வயிறு எரிஞ்சுட்டும்மா எனக்கு. எம்பிள்ளை என்ன தப்புப் பண்ணுனான்? ஓட முடியலன்னுதான? நின்ன இடத்துலயே நிக்கான், அவனை வச்சிக்கிட்டு ஜெயிக்க முடியலன்னுதான? சீக்காளின்னு பேரு வரக்கூடாதுன்னுதான மறைச்சு வச்சான் அவன், கடைசில இவ அதையே சொல்லுதா, ரெஸ்ட் எடுக்கணுமாம். நான் கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். "நீ யாருடி எம்பிள்ளைய வராதன்னு சொல்ல? அவனுக்குப் பதிலா என்னைய எதுக்குடி கேக்க? அவன் சேக்காளிங்கதான நீங்க, எனக்கா சேக்காளி? மனசாட்சி இருக்காடி உனக்கு?"ன்னேன். அவ, "அப்படி இல்லம்மா, அப்படி இல்லம்மா"ன்னு அழுதா. நான் கையை உதறிட்டு ஏறிட்டேன். ஜன்னலைத் தட்டுனா, நான் திரும்பல. அந்தப் பயலுக ரெண்டும் பாட்டிலை வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிக்குதுங்க.

இப்போ பயமா இருக்கு. வஞ்சிட்டேன்லா. இனி குரூப்புல இருந்து எம்பிள்ளைய எடுத்துருவாங்களா? நீ படிச்ச பிள்ளை, சொல்லு. அவன் பேருலயே ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டுருவமா? "எங்கம்மா கொஞ்சம் வாய்க்காரி, மனசுல வச்சிக்கிடாதடி"ன்னு எழுதலாமா? அப்படி எழுதினா சரியாயிரும்லா?

என்ன?

அதுங்களுக்கு எப்பவோ தெரியும்ங்கியா. எப்படித் தெரியும்? யாரு சொல்லுவா? நான் சொல்லல. ஊருல யாரையும் அதுங்களுக்குத் தெரியாது. நீ ஒரு மணி நேரமா கேட்டுட்டு இப்படிச் சொல்லுதியே. தெரிஞ்ச பிள்ளைங்களா தினமும் கிங்கு கிங்குன்னு கூப்பிடும்? தெரிஞ்சா முதல்ல என்னையத்தான வைதிருக்கும், எங்களை ஏமாத்துனியேன்னு? உனக்கு அதுங்களைத் தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாத.

இரு, ஃபோனு அடிக்கு. குரூப்பு இல்ல, தனியா வந்திருக்கு. ஷெரினு. நான் எழுத்துக் கூட்ட நேரமாகும், நீ வாசி. தமிழ்லயா அடிச்சிருக்கா? அவ தமிழ்ல அடிக்கவே மாட்டாளே. வாசி, சத்தமா வாசி.

"அம்மா, கோவம் போச்சா? உங்க பை ஓரத்துல ரெண்டு சப்பாத்தி வச்சிருக்கேன், வெறும் வயிறா போகாதீங்க. நாங்க எங்கயும் போகமாட்டோம்மா."

அம்மான்னா போட்டிருக்கு? நல்லாப் பாரு. இது மகராசன் ஃபோன்லா. நான் இன்னைக்கு முழுக்க இதை வெளியில எடுக்கவே இல்லயே. இந்த நம்பர்ல அவ மகராசன்கூடத்தான பேசணும். டேய்னுதான போடணும். "உங்கம்மாவைச் சாப்பிடச் சொல்லுடா"ன்னுதான வரணும்.

நீ ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட? என்னையப் பாரு.

எப்பத்துல இருந்தும்மா அதுங்களுக்குத் தெரியும்?

சரி, விடு. உனக்கெப்படித் தெரியும், உன்கிட்டப் போயி கேக்கேன். பதினாலு மாசமா மச்சான் மச்சான்னு என்னத்தை எல்லாம் எழுதியிருக்கேன். அம்புட்டுக்கும் ஒரு சிரிப்புச் சிரிக்கல அதுங்க. நான்தான் அதுங்களைப் பாவம் பாவம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தப் பிள்ளைய மனசாட்சி இருக்காடின்னு கேட்டுட்டேனே. எந்த வாயால கேட்டேன் நான்.

அழல. சும்மா முகத்தைத் துடைச்சேன். இந்தா, ஃபோனைப் பிடி. அவ கேட்டபடியே செஞ்சிருவோம். என் பேருல வரணும்னா என்ன பண்ணணும்? மேல படத்துக்குப் பக்கத்துல பேரு போட்டிருக்கும்லா, மகராசன்னு, அதை மாத்தினா எல்லாருக்கும் மாறிருமா? மாத்து. செண்பகவல்லின்னு போடு. மொதல்ல இருக்கதை அழிக்கணுமா?

அழி.

ஒவ்வொரு எழுத்தாத்தான் போகுமா? ஒரேயடியா போகாதா?

நிறுத்து. நிறுத்தும்மா, கையை எடு. எத்தனை போச்சு? ரெண்டா? திருப்பிப் போடு. இப்பவே போடு. கோவிச்சுக்கிடாத தாயி, நான்தான் அழிக்கச் சொன்னேன், நானேதான் சொல்லுதேன், திருப்பிப் போட்டுரு. அழிக்கது எங்க போகுது, நாளைக்குப் பாத்துக்கிடலாம்.

போட்டுட்டியா? முழுசா இருக்கா? எங்க, வாசி.

இன்னொருக்க வாசிம்மா.